விடுதலைத் தூணும் சுமிரா அண்ணியும்

பார்டி என்கிற என் அண்ணன் கட்டிக்கொண்டு வந்த சுமிரா அண்ணிக்கு ஊரில் ஒருத்தியைத் தவிர வேறு எதிரி கிடையாது. தான் அண்ணிக்கு எதிரி என்பது அந்த ஒருத்திக்குக் கடைசிவரை தெரியாது. அவள் பெயர் லெகினா. ஊர் நடுவே உள்ள அலுன்-அலுன் மைதானத்தில், ஆலமரத்தடியில், அண்ணி பெச்சல் சோறு விற்றாள். வெந்த கீரையும் பயத்தங்காயும் சோற்றின்மேல் போட்டு, அரைத்த கடலைக் குழம்பை ஊற்றி இலையில் மடித்துக் கொடுப்பாள். பக்கத்துப் பாயில் லெகினா, தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய டாவெட் பானம் விற்றாள். சோறு தின்றவனுக்குத் தாகம் எடுக்கும், டாவெட் குடித்தவனுக்குப் பசிக்கும். வியாபாரத்தில் இருவருக்கும் சண்டை வர வழியே இல்லை. எல்லாம் எதிரே நின்ற தூணால் வந்தது.

நாத்தனார் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பார்கள். இதை நீங்கள் முழுதாக நம்பலாம். இளவயதில் புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாள் முதல் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியவள் நான். அதற்கு முன்னால் நடந்ததை அண்ணி என்னிடம் சொன்ன தடவைகளுக்குக் கணக்கே இல்லை.

எங்களுக்கு விடுதலை கிடைத்து முப்பது ஆண்டு நிறைந்தபோது மைதானத்தின் நடுவில் அந்தத் தூணை எழுப்பினார்கள். உச்சியில் தீக்கொழுந்து. அடியில் நான்கு பக்கமும் கருங்கல்லில் சிற்பம். மூன்று பக்கத்தில் மூங்கில் ஈட்டி பிடித்த ஆண்கள். நான்காவது பக்கத்தில், போராளிகளுக்குச் சோற்றுக்கூடை சுமந்து போகும் ஒரு பெண். சிற்பம் செதுக்க வந்தவர் சித்தோருஸ் என்ற சுமத்ராக்காரர். பாத்தாக் இனத்து மனிதர். அவர் மெதுவாகப் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அண்ணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூடையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு காலையில் மைதானத்துக்கு வருவாள். அதைப் பார்த்துத்தான் அவர் நேரே வந்து கேட்டிருக்கிறார்.

"அம்மா, இந்தச் சோத்துக்காரி சிற்பத்துக்கு உங்க முகத்தை வைக்கலாம்னு இருக்கேன். சம்மதமா?"

எங்கள் ஊரில் ஒன்றைக் கேட்டவுடன் சரி என்று சொல்பவளை அலைகிறவள் என்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை தயங்குவது அழகு. மூன்றாம் தடவை, கேட்டவர் மனம் நோகக்கூடாதே என்று தலையசைப்பது வழக்கம். டீ குடிக்கிறாயா என்பதிலிருந்து கல்யாணம் செய்துகொள்கிறாயா என்பது வரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அண்ணியும் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வளர்த்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி சொன்னாள்.

"ஐயோ, என் மூஞ்சியெல்லாம் எதுக்குங்க? என்னைவிட லட்சணமானவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே."

"சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அண்ணி குனிந்த தலையை நிமிர்த்துவதற்குள் அவர் பக்கத்துப் பாய்க்குப் போய்விட்டார். லெகினா சுரபாயா துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். மனதில் வருவதெல்லாம் அவளுக்கு வாயிலும் வந்துவிடும்.

"என் மூஞ்சியா? வச்சுக்கோங்க! எப்ப வரணும்? டாவெட் பானையை யாராவது பாத்துக்கிட்டா இப்பவே வரேன்."

அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டவள் அண்ணி. லெகினா சிற்பிக்கு முன்னால் கூடையோடு நின்ற நாட்களிலெல்லாம், அவள் வியாபாரத்தையும் சேர்த்துக் கவனித்தது சுமிரா அண்ணிதான். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? லெகினா ஒரே தடவைதான் கேட்டாளாம். அண்ணியும், இதுதான் கொடுமை, ஒரே தடவையில் சரி என்றுவிட்டாள்.

"இன்னொரு தடவை கேட்டிருந்தா என்ன, அந்த ஆளு வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று அண்ணி வாழ்நாளெல்லாம் கேட்டாள். கீரையை அலசும்போது கேட்பாள், கடலையை இடிக்கும்போது கேட்பாள், கடலை பாவம்.

நான் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அண்ணி. லெகினா அக்கா கேட்டதும் சரின்னாங்க, கிடைச்சுது."

"அப்ப எனக்கு வாய் இல்லங்கிறியா?"

"வாய் இருக்கு அண்ணி. வேண்டிய நேரத்துல இல்ல."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லெகினா கெட்டவளாக இருந்திருந்தால் அண்ணி எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பாள். பாழாய்ப்போனவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள். மீந்த டாவெட்டை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவாள். அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் கூடையையும் சேர்த்து விற்றுக் கொடுப்பாள். அந்தச் சிற்பத்தைப் பற்றி அவள் பெருமை பேசியதும் கிடையாது. அவளுக்கும் சேர்த்து அவள் புருஷன் தார்மோ பேசினார். மைதானத்தில் யார் புதிதாக வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய், "இது யாரு தெரியுதா? என் வீட்டுக்காரி!" என்பார். என் அண்ணனோ ரிக்‌ஷா மிதித்துவிட்டு வந்து சோற்றைத் தின்று, "குழம்புல காரம் கம்மி," என்று மட்டும் சொல்வான். அண்ணி அழகு என்று அவன் ஒருநாள் சொல்லி நான் கேட்டதில்லை. அழகில்லை என்றும் சொன்னதில்லை. அவனுக்கு அந்த நினைப்பே கிடையாது.

ஊரில் லெகினாவுக்குத் தூண் அக்கா என்றே பெயராகிவிட்டது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி கொடியேற்றம் முடிந்ததும் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைப்பார்கள். அதன் உச்சியை மாவட்டத் தலைவர் வெட்டி, சபையில் பெருமைக்குரியவர் கையில் கொடுப்பது வழக்கம். அது வருடா வருடம் லெகினாவுக்குப் போனது. கைப்பேசி வந்த காலத்திலிருந்து, அது முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகள் சிற்பத்துக்கு முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவள் சரியாகக் கல்முகத்தை மறைத்துக்கொண்டுதான் நிற்பாள், நகரச் சொன்னாலும் அவளுக்கு நகரத் தெரியாது. அன்றைக்கு அண்ணியின் கடலைக் குழம்பு கசக்கும். சிற்பத்தைப் புகழ்ந்தபடி சாப்பிட வருகிறவனுக்குக் குழம்பு அரைக் கரண்டிதான். புறா வந்து அந்தக் கல்மூக்கில் எச்சமிட்டால் மட்டும் அண்ணி முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வெள்ளிக்கிழமை தோறும் லெகினா ஈரத்துணியால் அதைத் துடைத்துவிடுவாள். அவளுக்கு அந்தத் துணியை எடுத்துக் கொடுக்கும் அண்ணியை நான் எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கொடுப்பாள். வயிறு எரிவது எனக்குத்தான் தெரியும்.

இப்படியே நாற்பது வருடம் போனது. ஒரு மழைக்காலத்தில் லெகினா செத்துப்போனாள். காய்ச்சல்தான், நாலே நாளில் முடிந்துவிட்டது. உடலைக் குளிப்பாட்டிய பெண்களில் அண்ணியும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். அழுகைக்கு நடுவில், "இனிமே ஆகஸ்ட் மாசம் நிம்மதியா இருக்கலாம்," என்றாள். சொன்னதற்கு வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அந்த ஆகஸ்டில்தான் அது நடந்தது. விடுதலை நாளன்று பாக்கு மரத்தண்டில் கொழுப்பைத் தடவி நட்டு, உச்சியில் வாளியும் சட்டையும் சைக்கிளும் தொங்கவிடுவோம். பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறிப் பரிசைப் பறிப்பார்கள். அந்த வருடம் தூணுக்குப் பக்கத்திலேயே மரத்தை நட்டார்கள். ஆட்டம் முடிந்து மரத்தை இறக்கும்போது கொழுப்புக் கையோடு கயிற்றைப் பிடித்தவன் எவனோ நழுவவிட்டான். மரம் சாய்ந்து கல் சோற்றுக்காரியின் முகத்தில் விழுந்தது. நெற்றி முதல் தாடை வரை பெயர்ந்து தூளாகிவிட்டது. கூடையும் கழுத்தும் மட்டும் மிஞ்சின.

ஊரே ஐயோ என்றது. தார்மோ மண்ணில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வருத்தமா வேறேதாவதா என்று நான் கேட்கவில்லை.

முகத்தைத் திரும்பச் செதுக்க டானாங் என்ற இளம் சிற்பியை அமர்த்தினார்கள். நல்ல பையன், எங்கள் பக்கத்து ஆள்தான். அவனுக்கு லெகினாவின் இளவயது முகம் தேவைப்பட்டது. அந்த வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. விடுதலை நாள் படங்களில் கல்முகத்தை அவள் தலை மறைத்திருந்தது, அந்தத் தலையும் நரைத்த தலை. வீட்டில் இருந்த பழைய படங்களை ஆற்று வெள்ளம் எப்போதோ கொண்டுபோய்விட்டது. தார்மோவைக் கேட்டால், "நிலா மாதிரி இருப்பா தம்பி," என்று சொல்லி அழுதார். நிலாவுக்கு மூக்கு இல்லையே, பையன் என்ன செய்வான்?

கடைசியில் தார்மோவே வழி சொன்னார். "சுமிராவைக் கேளு. என் வீட்டுக்காரியை என்னைவிட அதிகமாப் பாத்தவ அவதான். பக்கத்துலயே உக்காந்து எப்பவும் பாத்துக்கிட்டே இருப்பா."

டானாங் களிமண் பலகையோடு எங்கள் பாய்க்கு வந்தான். முறைப்படி சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தான். "உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா, பெரிய மனசு பண்ணி, லெகினா அம்மாவோட முகத்தை..."

"உக்காரு," என்றாள் அண்ணி. அவளை வளர்த்தவர்கள் மண்ணுக்குள் புரண்டு படுத்திருப்பார்கள்.

முதலில் அண்ணி உண்மையைத்தான் சொன்னாள். நான் சத்தியம் செய்வேன். காது சின்னது, மடல் ஒட்டினாற்போல் இருக்கும் என்றாள். சிரித்தால் இடது பக்கம்தான் முதலில் சிரிக்கும் என்றாள். புருவம் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று தன் புருவத்தில் விரல் வைத்துக் காட்டினாள். களிமண்ணில் லெகினா எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். நான் பயத்தங்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

அந்தப் பையன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். "இவ்வளவு நுணுக்கமா ஞாபகம் வச்சிருக்கீங்களே, அவங்க மேல உங்களுக்கு ரொம்பப் பிரியம் போல. பேரழகியாத்தான் இருந்திருக்காங்க. அதான் அந்தச் சிற்பி இத்தனை பேர்ல அவங்களை மட்டும் தேடிப் புடிச்சிருக்காரு," என்றான்.

அண்ணியின் முகம் மாறியது.

"தேடிப் புடிச்சாரா?" என்றாள். "யாரு சொன்னா?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அண்ணி தூணைப் பார்த்தாள். பிறகு திரும்பி, மிகவும் அமைதியாக, "தம்பி, நான் தப்பாச் சொல்லிட்டேன். அதை அழி," என்றாள்.

பையன் கட்டைவிரலால் அழித்தான்.

"நெத்தி இன்னும் அகலம். மூக்கு எடுப்பா இருக்கும், நுனியில மட்டும் லேசா உருண்டை. உதடு மெல்லிசு. மோவாயில ஒரு குழி."

லெகினாவின் மூக்கு சப்பை. மோவாயில் குழியும் கிடையாது, மேடும் கிடையாது. அகன்ற நெற்றி யாருடையது, மோவாய்க் குழி யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அந்தக் குழியில் வியர்வை நிற்கும்போதெல்லாம் துடைத்துவிட்டவள் நான். பையன் இழைத்துக்கொண்டே போனான். அண்ணியை நிமிர்ந்து பார்த்தான், குனிந்து இழைத்தான், மறுபடி பார்த்தான். எதிரே அதே மூக்கு உட்கார்ந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. கிழவி முகத்தில் யார் மூக்கைத் தேடுவார்கள்?

அவன் போனதும் கேட்டேன். "அண்ணி, அந்த மூக்கு யாரோடது?"

"வாயை மூடிட்டுக் காயை நறுக்கு."

"செத்தவங்களுக்குச் சேர வேண்டியதை..."

"எனக்குச் சேர வேண்டியதை அவ நாப்பது வருஷம் வச்சிருந்தாளே, அப்ப நீ எங்க போனே?"

அவள் கண்ணில் நீர் நின்றது. நான் காயை நறுக்கினேன்.

தூணைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டி டானாங் செதுக்கத் தொடங்கினான். அவனுக்குத் தினமும் இலவசச் சோறு, குழம்பு இரண்டு கரண்டி. அந்த மாதங்களில் அண்ணி பத்து வயது குறைந்தாள். முனகுவது நின்றது. கடலை இடிக்கும்போது பாட்டுக்கூடப் பாடினாள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணிக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டான்.

அடுத்த ஆகஸ்ட் பதினேழு வந்தது. அண்ணி விடியலிலேயே எழுந்து, இளவயதில் கட்டியது போலக் கொண்டையை இறுக்கிக் கட்டினாள். பச்சை ரவிக்கையும் புதுக் கைலியும் உடுத்தினாள். முகத்துக்கு மாவு பூசவில்லை. "எதுக்கு மறைக்கணும்?" என்றாள். கொடியேற்றம் முடிந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், துணி போட்டு மூடிய சிற்பத்துக்கு அருகில் நின்றாள். சும்மா நிற்கவில்லை. கல்முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குமோ அந்தப் பக்கமே தன் முகத்தையும் திருப்பி, மோவாயைக் கொஞ்சம் உயர்த்தி நின்றாள். ஊர் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

மாவட்டத் தலைவர் துணியை இழுத்தார்.

ஆண்டவனே, அது சுமிரா அண்ணிதான். எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பெண்ணாக வந்து நின்ற அண்ணி. எடுப்பான மூக்கு, நுனியில் உருண்டை, மோவாயில் குழி. ஒட்டிய காது மட்டும் லெகினாவுடையது.

"லெகினா அக்கா!" என்று ஒருத்தி கதறினாள்.

"அடேயப்பா, உயிரோட நிக்கிற மாதிரியே இருக்கே!"

"அதே மூக்கு! அவங்களுக்கே உள்ள மூக்கு!"

பெண்கள் அழுதார்கள். மீன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். அண்ணியைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, தூண் அக்கா மூஞ்சி மறைக்குது," என்றாள்.

அண்ணி தள்ளி நின்றாள். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து என் அண்ணனைத் தேடிப் பிடித்து, சட்டைக் கையைப் பற்றி இழுத்து வந்தாள்.

"நல்லாப் பாருங்க. யாரு மாதிரி இருக்கு?"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். "இதென்ன கேள்வி? லெகினாதான்."

"மூக்கைப் பாருங்க."

"லெகினா மூக்குதான்."

"மோவாயைப் பாருங்க! இந்தக் குழியை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அண்ணன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். "பாத்திருக்கேனே. லெகினா சிரிச்சா விழும். ஏன், என்ன ஆச்சு உனக்கு? வெயில்ல நின்னியா?"

நாற்பது வருடம் எதிரே உட்கார்ந்து சோறு தின்ற மனிதன். எனக்கு அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. அண்ணி பாய்க்குப் போய்க் கூடையைத் திறந்தாள். மஞ்சள் சோற்றின் உச்சி அன்றைக்குத் தார்மோ கைக்குப் போனது.

அதன் பிறகு தார்மோ தினமும் சாயங்காலம் வரத் தொடங்கினார். சிற்பத்துக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். கையில் மல்லிகை கொண்டு வருவார். பேத்திக்குக் காது குத்தியதை, கூரை ஒழுகுவதை, முட்டிவலியை எல்லாம் கல்லோடு பேசுவார். கிளம்பும்போது எழுந்து அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைப்பார். "நாளைக்கு வரேன். உன்னை மாதிரி ஒருத்தி இந்த ஊர்லயே கிடையாதுடி," என்பார். தினமும் சொல்வார். அந்த மூக்கைப் பார்த்து, அந்த மோவாய்க் குழியைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி கூடையைக் கட்டாமல் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. புறா எச்சமிட்டால் மகிழ்வாளே, அதே கண்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, அது உங்க முகம். அவர் தடவிட்டுப் போறது உங்க கன்னம்," என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. கல்லில் இருந்த தன் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அவ கொடுத்து வச்சவடி," என்றாள்.